எதுக்கு வாங்குறீங்க?

ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும், போய்வந்த யாராவது காட்டிய போட்டோக்களையாவது பார்த்திருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, திரும்பும்போது ஒரு பாக்கெட் காபிப் பொடி. 'ஏழைகளின் ஊட்டி' என்று செல்லப் பெயர் வேறு.

அங்கே பகோடா பாயின்ட் என்று ஓர் இடம் உண்டு. மலையின் கிழக்கு விளிம்பு. பள்ளத்தாக்கைப் பார்த்து 'ஆஹா' சொல்லிவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜியைத் தேடிக் கிளம்பிவிடுவோம். அடுத்த முறை போனால் கூடுதலாக ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாம் நிற்பது சேர்வராயன் மலை. கிழக்கே, அண்டை வீட்டுக்காரர் மாதிரி இருப்பது கல்வராயன் மலை. இரண்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

மக்கள் ஒன்றுதான். மலைகளின் தலையெழுத்துதான் வேறு. சேர்வராயனுக்கு 1820-களிலேயே, காக்பர்ன் என்பவர் சேலம் கலெக்டராக இருந்தபோதே காபி வந்துவிட்டது. பின்னாலேயே சாலை, பங்களா, பள்ளிக்கூடம், ஹோட்டல் எல்லாம் வந்தன. கல்வராயனுக்கு வந்து சேர்ந்தது ஒரு கெட்ட பெயர். சாராய மலை.

2024 ஜூன் மாதம், கல்வராயனுக்குக் கீழே இருக்கும் கள்ளக்குறிச்சி நகரத்தில், கருணாபுரம் என்ற பகுதியில், பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் சுருண்டு விழுந்தார்கள். வயிற்று வலி, வாந்தி, கண் தெரியவில்லை. ஆம்புலன்ஸ்கள் சேலம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் பறந்தன. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள்.

உடனே நிறையப் பேருடைய விரல் மலையைக் காட்டியது. 'அங்கதானே ஸார் காய்ச்சுறாங்க!'

காய்ச்சுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். ஆளைக் கொத்துக் கொத்தாகச் சாய்க்கிற அளவு மெத்தனால் எந்த ஊறல் பானையிலும் பிறப்பதில்லை. பெயின்ட், பிளைவுட் பசை, மருந்து என்று நூறு தொழில்களுக்கு வேண்டிய அசல் தொழிற்சாலைச் சரக்கு அது. இந்தியா பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. அதாவது, அந்த விஷம் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. ஆலைக்கென்று புறப்பட்டு, வழியில் எங்கேயோ திசை மாறி வந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2023 மே மாதம், மரக்காணத்துப் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோதும் இதே கதைதான். ஆலைச் சரக்கான மெத்தனால் என்று போலீஸே சொன்னது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. பாக்கெட் போட்டு விற்றவன் குற்றவாளி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவன் கைக்கு வருவதற்கு முன்னால், அந்த மெத்தனால் எத்தனையோ கை மாறியிருக்கும். முதல் கை சுத்தமான கையாகக்கூட இருந்திருக்கலாம். பில் போட்டு, வரி கட்டி, பேரேட்டில் வரவு வைத்து விற்ற கை. அந்தக் கைக்கு இந்தச் சாவுகளில் பங்கு உண்டா, இல்லையா?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கெமிக்கல் வியாபாரம் செய்கிற ஒரு நண்பரிடம் இதைக் கேட்டேன். சேலத்துக்காரர்களுக்கே உரிய நிதானத்தோடு சொன்னார்: 'நான் விக்கிறது சாமான் ஸார். வாங்கிட்டுப் போறவன் அதை வெச்சு பெயின்ட் பண்றானா, பாவம் பண்றானான்னு பின்னாடியே போயா பாக்க முடியும்? கத்தி விக்கிறவன் கொலைக்குப் பொறுப்பா?'

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நாமும் இதையேதான் சொல்லுவோம். ஆனால் உலகத்துச் சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இந்த வாதத்திலிருந்து விலகி வந்துகொண்டிருக்கின்றன. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். மதுவிலக்கு என்ற பரிசோதனைக்கு ராஜாஜி தேர்ந்தெடுத்த முதல் மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்தது. ஏற்காடு உள்பட. அந்தச் சட்டம் குடிப்பதையும் விற்பதையும் மட்டும் தடுக்கவில்லை. சாராயம் காய்ச்சுவதற்கென்று பொருளோ பாத்திரமோ வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. கவனியுங்கள். பானை குற்றமில்லை, வெல்லம் குற்றமில்லை. 'எதற்கு' வைத்திருக்கிறாய் என்பதுதான் குற்றம். ஒரு பொருளின் குணத்தை அதன் நோக்கத்தில் தேடுகிற சட்டம்.

நான் படித்தது பி.காம். ஆகவே எனக்கு இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது. கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவுக்கே முன்னோடி அது. அதாவது, கள்ளுக்கடையை விட்டு வெளியே வந்த அரசாங்கம் நேராக வியாபாரியின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது. இன்று வரை வெளியே வரவில்லை! மதுவிலக்கு பின்னால் வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. விற்பனை வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்குப் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் தேவைப்படும்.

மெத்தனாலுக்கும் சட்டம் புதிதல்ல. 1959-லேயே தமிழ்நாட்டில் அதற்கு விதிகள் எழுதிவிட்டார்கள். தலைப்பிலேயே மூன்று சரக்குகள்: டீநேச்சர்ட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ். வார்னிஷ் எதற்கு இந்தப் பட்டியலில் என்று ஆச்சரியப்படாதீர்கள். மேஜை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. 

உலக அளவில் இந்த யோசனை பெரிதாக வந்தது 1988-ல். போதைப் பொருள் கடத்தலுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில், போதைப் பொருளை மட்டும் பிடித்தால் போதாது, அதைச் செய்யத் தேவைப்படும் ரசாயனங்களையும் கண்காணியுங்கள் என்றார்கள். இந்தியா தன்னுடைய போதைப் பொருள் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு சேர்த்து, 1993-ல் ஓர் ஆணை போட்டது. 2013-ல் அதை விரிவாகத் திருத்தி எழுதினார்கள்.

இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யாரும் ரௌடிகள் அல்ல. எல்லோரும் நம் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு இல்லாமல் ஆஸ்பிரின் இல்லை. பாராசிட்டமால் தயாரிப்பிலும் அது உண்டு. அதே சரக்குதான் ஹெராயினுக்கும் வேண்டும். சூடோஎபிட்ரின் மூக்கடைப்புக்கு மருந்து. அதுவே மெத் என்கிற நாசகார போதைக்கு மூலப்பொருள். காலரா காலத்தில் ஊர்க் கிணற்றில் ஊதா நிறத்தில் கரைத்துவிடுவார்களே, அந்தப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் ஐ.நா. பட்டியலில் உண்டு. கொக்கெய்ன் தயாரிப்பில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

2013 ஆணை என்ன சொல்கிறது? முக்கியமான ஐந்து ரசாயனங்களைத் தயாரிப்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லோரும் மத்திய போதைப் பொருள் தடுப்புப் பிரிவில் பதிவு செய்து எண் வாங்கவேண்டும். தினசரிக் கணக்கு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைச் சமர்ப்பிக்க வேண்டும். வாங்குகிறவர், தான் யார், எதற்காக வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரர் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வியைச் சட்டமாக்கிவிட்டார்கள்: 'எதுக்கு வாங்குறீங்க?'

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் டெல்லியில் தேங்காய்ப் பொடிக்கும் சத்துமாவுக்கும் நடுவே சூடோஎபிட்ரின் ஐம்பது கிலோ பிடிபட்டது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துக்குப் போக இருந்த சரக்கு என்றார்கள் அதிகாரிகள். கைதானவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். குற்றம் யாருடையது என்று கோர்ட் சொல்லட்டும். நம் கேள்வி வேறு. அந்த ஐம்பது கிலோ ஏதோ ஒரு தொழிற்சாலையில், நாலு பேருக்கு மூக்கடைப்பு தீர வேண்டும் என்ற நல்ல காரணத்துக்காகப் பிறந்திருக்கலாம். எந்த நிமிஷத்தில் அது கெட்டுப்போனது?

யாரோ ஒருவர் 'எதுக்கு' என்று கேட்காமல் விட்ட நிமிஷத்தில். அல்லது கேட்டு, பொய்ப் பதிலை வாங்கி, பொய்யென்று தெரிந்தே பைலில் போட்ட நிமிஷத்தில்.

இப்போது என் காலேஜ் பாடத்துக்கு வருகிறேன். வணிகச் சட்டத்தில் முதலில் சொல்லித்தரும் சங்கதி, 'வாங்குபவனே, ஜாக்கிரதை!' சரக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இது இருக்கிறது. கூடவே விலக்கும் இருக்கிறது. 'இன்ன காரியத்துக்கு வேண்டும், உங்களை நம்பித்தான் வாங்குகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அது லாயக்காக இருக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டக்காரர் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை போட மயில்துத்தம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேறு எதையாவது கொடுத்துச் செடி கருகினால், தோட்டக்காரர் சண்டைக்குப் போகலாம்.

ஆக, 'எதுக்கு வாங்குறீங்க' என்ற கேள்வி வணிகத்தில் முன்பே உண்டு. ஆனால் அது வாங்குகிறவருடைய நன்மைக்காகக் கேட்கப்படுகிற கேள்வி. வணிகக் கணக்கில் எப்போதும் இரண்டே பேர்தான். கொடுத்தவர், வாங்கியவர். பற்று, வரவு. இரண்டு பக்கமும் கூட்டித் தொகை ஒத்துப்போனால் கணக்கு சரி. கருணாபுரத்தில் செத்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் பக்கமே கிடையாது. அவர்கள் மூன்றாவது ஆள்.

இந்த மூன்றாவது ஆளைக் கோர்ட்டுக்குள் கொண்டு வந்தது ஒரு நத்தை. தமாஷ் இல்லை. 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணிக்கு அவருடைய தோழி இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்ததாகப் புகார். அந்தப் பெண்மணிக்கு உடம்புக்கு வந்துவிட்டது. காசு கொடுத்தவர் தோழி. எனவே ஒப்பந்தப்படி கேட்க அந்தப் பெண்மணிக்கு வழியில்லை. வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. 1932-ல் தீர்ப்பு: நீ செய்கிற காரியத்தால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று உன்னால் நியாயமாக ஊகிக்க முடியுமோ, அவர்கள் எல்லோரும் உன் அண்டை வீட்டார். அவர்களுக்கும் நீ பொறுப்பு. உலகம் முழுக்க இன்று நஷ்டஈட்டுச் சட்டம் நிற்பது இந்த நத்தையின் முதுகில்தான்.

நண்பர் விடவில்லை. 'ஸார், அது அவங்க பாட்டில், அவங்க நத்தை. என் கேஸ்ல நடுவுல ஒருத்தன் வந்து திருட்டுத்தனம் பண்றானே? அவன் புத்திக்கு நான் எப்படிப் பொறுப்பு?'

நல்ல கேள்வி. தத்துவ ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வியும்கூட. இரண்டு பேருக்கு நடுவே சுயபுத்தியுள்ள மூன்றாவது மனிதன் ஒருவன் நுழைந்து, தெரிந்தே ஒரு பாவத்தைச் செய்தால், முதல் ஆளுடைய பொறுப்பு அங்கே அறுந்துவிடுமா?

என் பதில்: முதல் ஆளுக்கு நிஜமாகவே தெரியாது என்றால் அறுந்துவிடும். கத்திக் கடைக்காரர் தப்பித்தார். சமையலுக்குத்தான் வாங்குகிறார்கள் என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் சட்டையெல்லாம் கசங்கி, கண் சிவந்து ஒருவன் ஓடி வந்து, 'நல்லாக் குத்துற கத்தியா குடு, சீக்கிரம்' என்றால்? அப்போதும் 'நூத்தியிருபது ரூபா' என்று மட்டும் சொல்லிக் கல்லாவைத் திறந்தால்? அவர் கத்தி மட்டும் விற்கவில்லை. தன்னுடைய 'தெரியாது'வையும் சேர்த்து விற்றிருக்கிறார்.

தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு. முன்னது அறியாமை. பின்னது ஒரு முடிவு. பெயின்ட் கம்பெனி என்று லெட்டர்பேடு. ஆனால் அந்த முகவரியில் பெயின்ட் டப்பா ஒன்றுகூட இல்லை. மாதாமாதம் பேரல் பேரலாக ரொக்கத்துக்கு வாங்குகிறான். விலையில் பேரம் பேசுவதே இல்லை. வியாபாரத்தில் ஊறியவருக்கு இது மூக்கில் ஏறாதா? பத்து ரூபாய் கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற விரல்கள் அல்லவா அவை! கேட்டால் வியாபாரம் போய்விடும். கேட்காவிட்டால் தூக்கம் போகாது. ஆகவே கேட்பதில்லை. 'நமக்கெதுக்கு வம்பு?' என்ற நம் தேசிய வாசகத்தைச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

பதிவேடு என்ற சலிப்பூட்டும் சமாச்சாரத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. பொய் சொல்கிறவனை அது தடுக்காது. ஆனால் விற்கிறவரிடமிருந்து 'எனக்குத் தெரியாது' என்ற சௌகரியத்தைப் பறித்துவிடும். கேட்டாயா? எழுதினாயா? எழுதியது உண்மையென்று நம்பத் தோன்றியதா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்துவிடலாமா? பொறுங்கள். கட்டுப்பாட்டின் பெயரால் நடந்த அக்கிரமங்களும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைக் கணக்கு.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று, அரசாங்கமே அதில் மெத்தனாலைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னது. கலந்தால் குடிக்கமாட்டார்கள் அல்லவா? குடித்தார்கள். செத்தார்கள். நியூயார்க் நகரத்தின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ், விஷம் கலந்தும் மக்கள் குடிப்பதை நிறுத்தவில்லை என்று தெரிந்த பிறகும் கலக்கிறீர்களே, இந்தச் சாவுகளுக்கு அரசாங்கம்தான் தார்மிகப் பொறுப்பு என்று பகிரங்கமாகக் கண்டித்தார். கெமிக்கல் வியாபாரியைக் கேட்கிற அதே கேள்வியை அவர் அரசாங்கத்தைக் கேட்டார். உனக்குத் தெரியாதா?

இன்னொன்று, கொஞ்சம் சிரிப்பு. மெத் தயாரிப்பைத் தடுக்க, அமெரிக்கா 2006-ல் ஒரு சட்டம் போட்டு, அந்த வருஷத்திலிருந்தே சூடோஎபிட்ரின் மாத்திரையைக் கவுன்ட்டருக்குப் பின்னால் வைத்து, வாங்குகிறவரிடம் அடையாள அட்டையும் கையெழுத்தும் கேட்க வைத்தது. மருந்துக் கம்பெனிகள் பலவும் தொல்லை வேண்டாமென்று ஃபீனைல்எஃப்ரின் என்ற வேறு மருந்துக்கு மாறின. ஜனங்கள் சளி பிடித்தபோதெல்லாம் அதை வாங்கி விழுங்கினார்கள். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு உட்கார்ந்து ஆராய்ந்து சொன்னது: வாயால் விழுங்கினால் இந்த மருந்து மூக்கடைப்புக்குப் பிரயோஜனமே இல்லை! சில ஆயிரம் பேரின் திருட்டுத்தனத்துக்கு, கோடிக்கணக்கான பேர் அடைத்த மூக்கோடு அபராதம் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்துதான்.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. போலீஸ் செய்திகளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். மலையில் ஊறல் அழிப்பு, சாராயத்துக்குக் கொண்டுபோன வெல்ல மூட்டைகள் பறிமுதல். சரி, நல்ல காரியம். ஆனால் கற்பனை செய்து பாருங்கள். சேர்வராயனிலோ கல்வராயனிலோ ஒரு மலைக்கிராமத்துப் பாட்டி. பேத்திக்குச் சடங்கு. சந்தையில் பதினைந்து கிலோ வெல்லம் வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறாள். 'எதுக்குக் கிழவி இவ்வளவு வெல்லம்?' என்று ஒருவர் தடுத்து நிறுத்தினால், அவளிடம் லெட்டர்பேடு உண்டா, வக்கீல் உண்டா? அவள் மலைக்காரி. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும்.

அதே நேரத்தில் கீழே தேசிய நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் மெத்தனாலோடு ஒரு டேங்கர் லாரி போகிறது. பில் இருக்கிறது, ஆபீஸ் சீல் இருக்கிறது, டிரைவர் சல்யூட் அடிக்கிறார். வழிவிடுகிறோம்.

எளியவரைக் கேட்பது எளிது. அதனால்தான் நம்முடைய கேள்விகள் எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஏழையை நோக்கி ஓடுகின்றன. 'எதுக்கு' என்ற கேள்வி தர்மமாக இருக்க வேண்டுமானால், அதன் கனம் சரக்கின் ஆபத்தோடும் அளவோடும் ஏற வேண்டும். சட்டையின் அழுக்கோடு ஏறக்கூடாது. பாட்டியின் பதினைந்து கிலோ வெல்லத்துக்கு ஒரு புன்சிரிப்பு போதும். டேங்கருக்குத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்.

'அது எப்படி ஸார், ஒவ்வொரு லாரி பின்னாடியும் ஆள் அனுப்ப முடியுமா?' என்கிறீர்களா? இங்கேதான் அந்தக் கணக்குப் புத்தகம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது, 2018-ல் ஈ-வே பில் வந்தது. ஒரு லோடு சரக்கு எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்த நம்பர் வண்டியில், யாருக்குப் போகிறது என்று அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறது? வரி போய்விடக்கூடாதே என்று! சேலத்தில் 1937-ல் கள்ளுக்கடை வருமானத்தை விட்டதில் தொடங்கிய பழக்கம், வியாபாரியின் பேரேட்டைக் கடைசி ரூபாய் வரை வாசிக்கிற திறமையாக வளர்ந்திருக்கிறது. ரூபாய் வழிதவறினால் கண்டுபிடிக்கிற அரசாங்கத்துக்கு, விஷம் வழிதவறினால் மட்டும் பிணம் விழுந்த பிறகு தெரிகிறது என்றால், குறை கம்ப்யூட்டரில் இல்லை. எதைத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது.

கருணாபுரத்துக்குப் பிறகு, அதே ஜூன் மாதக் கடைசியில், தமிழ்நாடு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். வேண்டியதுதான். ஆனால் தண்டனை என்பது காரியம் நடந்த பிறகு வருவது. கேள்வி என்பது நடப்பதற்கு முன்னால் வருவது. ஆயுள் தண்டனையைவிட, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி அதிக உயிர்களைக் காப்பாற்றும். செலவும் குறைவு.

என் நண்பர் கடைசியில் ஒன்று சொன்னார். 'கேக்குறதுல தப்பில்ல ஸார். ஆனா நான் மட்டும் கேட்டா, வாங்க வந்தவன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான். எனக்கு நஷ்டம், ஊருக்கும் லாபமில்ல.' உண்மை. தனி மனிதனின் நேர்மைக்குச் சந்தையில் கிடைக்கிற பரிசு பெரும்பாலும் நஷ்டம்தான். சட்டம் தேவைப்படுவது கெட்டவர்களுக்காக மட்டுமல்ல. நல்லவர் நஷ்டப்படாமல் நல்லவராக இருப்பதற்காகவும்தான். எல்லாக் கடையிலும் அதே கேள்வி கேட்கப்பட்டால், கேட்டவர் ஏமாளி ஆகமாட்டார்.

இது ஏதோ கெமிக்கல் வியாபாரிகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முன்பின் தெரியாதவனுக்கு அடையாள அட்டை ஜெராக்ஸைக் கொடுத்து, 'சிம் வாங்கிக்கப்பா' என்கிறோம். இரண்டு மடங்கு வாடகை தருகிறேன் என்றால், கோடவுனில் என்ன வைக்கப்போகிறான் என்று கேட்காமல் சாவியை நீட்டுகிறோம். படிக்காத தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார். நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்கே வாருங்கள். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில மாத்திரைகளுக்கு, எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குத் தூக்க மாத்திரை வாங்கப் போயிருப்பீர்கள். கவுன்ட்டரில் அந்தப் பையன், 'சீட்டு இருக்கா ஸார்? யாருக்கு?' என்பான். நமக்குச் சுருக்கென்று கோபம் வரும். 'என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? பத்து வருஷமா இங்கதான் வாங்கறேன். முதலாளியைக் கூப்பிடு!'

கோபப்படாதீர்கள். அவன் உங்களைச் சந்தேகப்படவில்லை. அந்த இடத்தில் இல்லாத, உங்களுக்கும் அவனுக்கும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்காகக் கேட்கிறான். சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு, 'கேட்டது நல்லதுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நாளைக்கு வேறொருவரிடம் கேட்க அவனுக்குத் தெம்பு வரும்.